நூறு நாள் வேலைதான் ஊரைக் கெடுத்ததா?

மேட்டுக்காடு
14 ஜூலை 2025, காலை 6.50

ஈரோடு மாவட்டம், காலிங்கராயன் வாய்க்கால் பாசனம். மூன்று ஏக்கரில் மஞ்சள் போட்டிருக்கிறேன். களை எடுக்கும் பருவம் கைதவறிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆள் கூட்டி வருகிற அம்மாவிடம் கேட்டால், “நூறு நாள் வேலை ஓடுகிறது, முடியட்டும், பார்க்கலாம்” என்கிறார். அது முடிவதற்குள் களை மஞ்சளை மூடிவிடும்.

யாருக்குக் கோபம் வந்தாலும் சரி, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ரேஷனில் இருபது கிலோ வரை அரிசி இலவசம். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை. இவ்வளவுக்கும் மேல், மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தால் ஒரு நாளைக்கு 336 ரூபாய். வெயிலில் குனிந்து களைக்கொத்து பிடிக்க யாருக்கு மனம் வரும்? ஆண்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். நான்கு நாள் வேலை, மூன்று நாள் டாஸ்மாக்.

பக்கத்துக் கோழிப்பண்ணையில் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் இருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலை செய்கிறார்கள், முணுமுணுப்பு இல்லை, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கிற வேலை நம் ஊர்க்காரர் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

என் தாத்தா காலத்தில் வேலை இல்லாமல் பட்டினி கிடந்தார்கள். அதை வறுமை என்று ஒப்புக்கொள்கிறேன். இன்று வேலை கூப்பிடுகிறது, ஆள் வருவதில்லை. இதற்கும் அரசாங்கம்தான் பொறுப்பா?

வெண்ணாற்றங்கரை
14 ஜூலை 2025, காலை 8.15

ஐயா, உங்கள் அவசரம் புரிகிறது. ஆனால் 336 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நூறு என்ற எண்ணை அப்படியே நம்பிவிட்டீர்கள். பெயர்தான் நூறு நாள். வேலை செய்கிற ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டில் கிடைப்பது நாட்டின் சராசரியில் ஐம்பது நாளை ஒட்டித்தான். ஆண்டுக்கு ஐம்பது நாள் கிடைக்கிற வேலை, மீதி முந்நூறு நாளும் ஒரு மனிதரை எப்படிச் சோம்பேறியாக்கும்?

கூலியும் கைக்கு வந்தால்தான் கூலி. சென்ற நவம்பர் கடைசியிலிருந்து மாதக்கணக்கில் மாநிலம் முழுவதும் நிலுவையில் இருந்தது. 4,034 கோடி ரூபாய் வரவேண்டும் என்று மார்ச் 29ஆம் தேதி ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது நினைவிருக்கும். பொங்கலுக்குக் கூலி வராமல் கடன் வாங்கியவர்களிடம் போய் இலவசத்தில் கொழுத்தவர்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

நான் திருவாரூர் மாவட்டம். எங்கள் பகுதியில் நிலமில்லாதவருக்கு வேலை உண்டா இல்லையா என்பதை மேட்டூர் அணை முடிவு செய்யும். ஜூன் 12இல் திறந்தால் குறுவை நெல் சாகுபடி உண்டு. நாற்றுப் பறி, நடவு, களை, அறுப்பு எல்லாம் உண்டு. 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2017இல் அக்டோபர் 2ஆம் தேதி திறந்தார்கள். அந்த எட்டு வருடமும் எங்கள் தெருவில் அத்தனை பேரும் ஒன்றாகச் சோம்பேறியாகி, 2020 ஜூன் 12 காலையில் ஒன்றாகச் சுறுசுறுப்பாகிவிட்டார்களா?

பனியன் நகரம்
14 ஜூலை 2025, காலை 10.40

மேட்டுக்காடு ஐயா பக்கம்தான் நான். காரணம் சொல்ல ஆரம்பித்தால் காவிரியிலிருந்து கர்நாடகம் வரை போகலாம். வயிறு அதுவரை காத்திருக்காது.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். 1992இல் திருப்பூருக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் ஊர் டீக்கடைக்காரர். கைமடியாக, அதாவது துணி மடித்துக் கொடுக்கும் உதவியாளாகச் சேர்ந்தேன். பிறகு சிங்கர் தையல் மெஷின், பிறகு ஓவர்லாக் மெஷின். இன்று சொந்தமாக ஒரு பவர்டேபிள், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடம் நடத்துகிறேன், பெரிய முதலாளி இல்லை, ஆனால் யாரிடமும் கையேந்தவில்லை. என்னோடு அன்று ஒரே அறையில் தங்கியவர்கள் சனிக்கிழமை சம்பளத்தை ஞாயிறு இரவுக்குள் தீர்த்துவிடுவார்கள். திங்கட்கிழமை கம்பெனிப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். அவர்களில் ஒருவர் இன்றும் என்னிடம் ஐந்நூறு, ஆயிரம் என்று கேட்டு வருகிறார்.

ஒரே அறை, ஒரே கம்பெனி, ஒரே கூலி. எங்களுக்குள் இந்த வித்தியாசத்தை எந்த அமைப்பு உண்டாக்கியது? யாராவது சொல்லுங்கள்.

ஒரத்துப்பாளையம்
14 ஜூலை 2025, மதியம் 1.05

நான் சொல்கிறேன். நீங்கள் வந்த ஆண்டைக் குறிப்பிட்டதற்கு நன்றி. 1992இல் திருப்பூரில் ஏற்றுமதி ஏறுமுகம். கம்பெனி வாசலில் ‘ஆட்கள் தேவை’ அட்டை தொங்காத தெரு இல்லை. அதே ஆண்டில்தான் உங்களுக்குக் கீழே நொய்யலின் குறுக்கே எங்கள் ஊரில் அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்கென்று கட்டிய அணை. சில ஆண்டுகளில் அதில் தேங்கியது உங்கள் ஊர்ச் சாயப்பட்டறைக் கழிவு. அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே போராடிய அணை தமிழ்நாட்டில் வேறு எங்காவது உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். கிணற்று நீர் உப்பாகியது. தென்னை பட்டுப்போனது. எங்கள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலை தேடி எங்கே போனார்கள் தெரியுமா? திருப்பூருக்குத்தான், அதே பனியன் கம்பெனிகளுக்கு.

பிறகு 2011 ஜனவரி கடைசியில், நதிநீர்ப் பாசனக்காரர்கள் போட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. நியாயமான தீர்ப்பு, நான் அதை வரவேற்றவன். ஆனால் அந்த மாதம் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறியவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் குடிக்காதவர் இருந்திருப்பார், சீட்டுக் கட்டியவர் இருந்திருப்பார், உங்களைப் போலவே கைமடியில் தொடங்கி ஓவர்லாக்கில் உட்காரக் காத்திருந்தவரும் இருந்திருப்பார். 2011 பிப்ரவரியில் பதினெட்டு வயதில் திருப்பூர் வந்து இறங்கியவருக்கு உங்கள் ஒழுக்கம் அத்தனையும் இருந்திருந்தாலும் உங்கள் கதை கிடைத்திருக்காது.

அறைத்தோழர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஒரு அறையில் இருக்கிற நால்வரில் எவர் மேலே வருவார் என்பதில் குணத்துக்குப் பங்கு உண்டு. அந்த நால்வருக்கும் வேலை இருக்குமா என்பது வேறு கேள்வி. நீங்கள் முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் எழுதிவிடுகிறீர்கள்.

பனியன் நகரம்
14 ஜூலை 2025, மதியம் 1.30

தீர்ப்பு வந்த பிறகும் நான் கடையை மூடவில்லை. வெளியூரில் சாயம் போட்டு வாங்கித் தைத்தோம். வழி தேடுகிறவனுக்கு வழி இருக்கிறது.

எண்ணும் எழுத்தும்
14 ஜூலை 2025, மாலை 4.20

ஒரு சிறு சந்தேகம். நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஏழைகள் வெறும் 2.2 சதவீதம். அப்படியானால் இந்தத் திட்டங்கள் எல்லாம் யாருக்காக? ஏழையே இல்லாத ஊரில் எதற்கு ஏழைக்கான வேலை?

வெண்ணாற்றங்கரை
14 ஜூலை 2025, மாலை 5.00

அந்தக் கணக்கில் சத்துணவு, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, சமையல் எரிவாயு, மின்சாரம், வங்கிக் கணக்கு இப்படிப் பன்னிரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள். வீட்டில் யாருக்காவது வேலை இருக்கிறதா, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அது கேட்பதில்லை. வீட்டில் மின்விளக்கு எரிகிறது, பிள்ளை பள்ளிக்குப் போகிறது, கழிப்பறை இருக்கிறது என்றால் நீங்கள் ஏழை இல்லை. அந்த வீட்டுக்காரர் மூன்று மாதமாக வேலை இல்லாமல் வட்டிக்கு வாங்கிச் சாப்பிடலாம். கணக்குக்கு அது தெரியாது. தவிர, நீங்கள் திட்டுகிற அந்த ரேஷனும் சத்துணவும் இல்லாமல் 2.2 வந்திருக்காது.

தாமரைக்குளம்
14 ஜூலை 2025, இரவு 9.45

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். குடியைப் பற்றி எல்லோரும் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள். நான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

என் அப்பா கொத்தனார். நல்ல கை. அவர் பூசிய சுவரில் விரல் வைத்தால் வழுக்கும் என்பார்கள். நான் ஆறாவது படிக்கும்போதிலிருந்து குடித்தார். கூலி முழுவதும் போகும். சில நாள் அம்மா நடவுக்குப் போய்ச் சேர்த்ததும் போகும். வேலை இல்லாத விரக்தி, சாதி தந்த அவமானம், உடல் வலி என்று படித்தவர்கள் அவருக்காக எழுதிய காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். நானும் படித்திருக்கிறேன். அதே வேலை, அதே வலி, அதே அவமானம் அம்மாவுக்கும் இருந்தது. அம்மா குடிக்கவில்லை. அமைப்பு என்று சொல்லி யாரும் என் அப்பாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுத வேண்டாம். அந்த உரிமை எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் உண்டு, நாங்கள் இன்னும் எழுதவில்லை.

இப்போது மறுபக்கம். அப்பா குடித்த கடை யாருடையது? 1971இல் மதுவிலக்கை எடுத்ததையும், பிறகு மாற்றி மாற்றிக் கொண்டுவந்து எடுத்ததையும் விடுங்கள். 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அரசின் கையில். சென்ற நிதியாண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். 2023இல் ஐந்நூறு கடைகளை மூடினார்கள். வருவாய் குறையவில்லை, ஏறியது. ஒரு மனிதரின் பலவீனத்தை அவர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கடை வைத்து விற்றுவிட்டு, அதில் வந்த பணத்தில் அவர் மனைவிக்கு மாதம் ஆயிரம் அனுப்புகிறது அரசு. இதில் தனிமனிதப் பொறுப்பு எங்கே முடிகிறது, அரசின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று அளவுகோல் வைத்துக் காட்டுங்கள் பார்க்கலாம். என் கணக்கில் இரண்டு பேரும் முழுக் குற்றவாளிகள். பாதி பாதியாகப் பிரித்துக் கொடுக்கத் தேவையில்லை.

நூறு நாள் வேலையை நான் ஏன் ஆதரிக்கிறேன் என்றால், அந்தக் கூலி அம்மாவின் பெயரில் வங்கியில் விழுந்தது. நடவுக் கூலி கையில் வரும், வீட்டுக்கு வருவதற்குள் அப்பா வரப்பில் நிற்பார். வங்கியில் விழுந்த பணத்தை அப்படிப் பிடுங்க முடியவில்லை. என் செவிலியர் படிப்புக்கு முதல் தவணை கட்டியது அதிலிருந்துதான். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் பெண்கள். ஏன் என்று மேட்டுக்காடு ஐயா ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

மேட்டுக்காடு
14 ஜூலை 2025, இரவு 10.30

அம்மா, நீங்கள் எழுதியதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கடையை மூட வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சி. ஆனால் என் களை அப்படியே நிற்கிறது.

வழிப்போக்கன்
14 ஜூலை 2025, இரவு 11.10

[இந்தப் பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்
15 ஜூலை 2025, காலை 6.00

ஒரு குறிப்பிட்ட தெருவையும் அங்கே வாழ்கிறவர்களின் பிறப்பையும் சொல்லி ‘அவர்கள் ரத்தத்திலேயே உழைப்பு இல்லை’ என்று எழுதிய பதிவு நீக்கப்பட்டது. இந்த மாநிலத்தின் வயல்களில் எவர் உழைத்தார் என்று வரலாறு நடத்தும் பொறுமை எனக்கு இல்லை. மீண்டும் வந்தால் கணக்கு முடக்கப்படும். மற்றவர்கள் தொடரலாம்.

நான்காம் தொகுதி
15 ஜூலை 2025, காலை 7.25

விவசாயக் கூலியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். இயந்திரவியல் பொறியாளர், கல்விக்கடன் பாக்கி, வயது இருபத்தேழு. சனிக்கிழமை அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதிவிட்டு வந்தேன். 3,935 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் பதின்மூன்று லட்சத்துக்கும் மேல். தகுதி பத்தாம் வகுப்பு. என் முன்வரிசையில் முதுகலை படித்த ஒரு அக்கா கைக்குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு வந்து எழுதினார்.

‘இன்னும் கடினமாகப் படி’ என்று சொல்லாத உறவினர் இல்லை. நான் படித்தால் நான் தேர்ச்சி பெறலாம், சரி. பதின்மூன்று லட்சம் பேரும் உயிரைக் கொடுத்துப் படித்தாலும் இடம் 3,935தான். கட்-ஆஃப் ஏறும், வேலை ஏறாது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் அறுநூறு ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும். தேர்வு மையத்துக்குப் போய்வரவும் பயிற்சித்தாள் வாங்கவும் சரியாக இருக்கும்.

பனியன் நகரம்
15 ஜூலை 2025, காலை 9.00

தம்பி, இன்று கிளம்பி வாருங்கள். என் கம்பெனியில் செக்கிங்குக்கும் அயர்னிங்குக்கும் ஆள் வேண்டும். மூன்று மாதமாக வாசலில் அட்டை தொங்குகிறது. படித்தவர் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

நான்காம் தொகுதி
15 ஜூலை 2025, காலை 9.20

வருகிறேன் ஐயா, நான் வேலைக்குக் கூச்சப்படுகிறவன் இல்லை, இப்போதும் இரவில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைதான் செய்கிறேன். மூன்று கேள்வி. எட்டு மணி நேர ஷிப்டுக்கு எவ்வளவு? பிஎஃப், இஎஸ்ஐ உண்டா? ஆர்டர் இல்லாத மாதத்தில் என்ன?

பனியன் நகரம்
15 ஜூலை 2025, காலை 10.15

ஆர்டர் இருக்கும்போது ஒன்றரை ஷிப்ட் ஓடும், நல்ல காசு பார்க்கலாம். ஆர்டர் இல்லாதபோது எனக்கே சம்பளம் இல்லை தம்பி. பிஎஃப் எல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களுக்குக் கட்டுபடியாகும். எனக்கு பீஸுக்கு இவ்வளவு என்றுதான் தருகிறார்கள், அந்த ரேட் ஏறிப் பல வருடம் ஆகிறது. நோட்டுச் செல்லாது என்று அறிவித்த அன்று என் பெட்டியில் இருந்தது அந்த வாரச் சம்பளப் பணம். அதற்கு மறுவருடம் ஜிஎஸ்டி. ஜாப் ஒர்க்காரனை யார் கவனித்தார்கள்? நான் என்ன செய்யட்டும்?

ஒரத்துப்பாளையம்
15 ஜூலை 2025, காலை 10.25

ஐயா, இந்தக் கடைசிப் பதிவில் பீஸ் ரேட், பெரிய கம்பெனி, நோட்டு, ஜிஎஸ்டி என்று நான்கு அமைப்புகளை நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அறைத்தோழர் எழுதினால் மட்டும் அது சாக்கு.

ஓய்வூதியன்
15 ஜூலை 2025, மதியம் 12.30

ஒன்றிய அலுவலகத்தில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன். 2006 பிப்ரவரியில் கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் என ஆறு மாவட்டங்களில் தொடங்கியபோது கூலி 80 ரூபாய். அப்போதும் இதே புகார்தான் வந்தது. ஆள் கிடைக்கவில்லை, மரத்தடியில் உட்காருகிறார்கள்.

உட்காருகிறார்கள் என்பது உண்மை. நான் கண்ணால் பார்த்தது. ஆனால் எதனால் என்று யாரும் கேட்பதில்லை, அதனால் கொஞ்சம் உள்வேலை சொல்கிறேன்.

336 ரூபாய் எல்லோருக்கும் தானாக வருவதல்ல. வெட்டிய மண்ணை அளந்து, அந்த அளவுக்கு ஏற்பக் கூலி போட வேண்டும். ஓவர்சியருக்கு இருக்கிற ஊராட்சிகளின் எண்ணிக்கையில் ஒவ்வொருவர் வெட்டியதையும் தனித்தனியாக அளக்க முடியாது. குழுவாக அளப்பார்கள். குனிந்து வெட்டியவருக்கும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றவருக்கும் ஒரே தொகை. ஒரு வாரத்தில் நன்றாக வெட்டுகிறவரும் நிறுத்திவிடுவார். உங்கள் வயலில் அப்படிக் கூலி கொடுத்தால் அங்கேயும் அதுதான் நடக்கும்.

அடுத்தது புகைப்படம். 2023 ஜனவரியிலிருந்து ஏறக்குறைய எல்லா வேலைக்கும் செல்பேசிச் செயலியில்தான் வருகைப்பதிவு. நாளுக்கு இரண்டு முறை படம் எடுக்க வேண்டும். வேலை பதினோரு மணிக்கே முடிந்தாலும் இரண்டாவது படத்துக்காக அந்தப் பெண்கள் அங்கேயே காத்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்விட்டால் அன்றைய கூலி போயிற்று. நீங்கள் பைக்கில் போகும்போது பார்க்கிற காட்சி பெரும்பாலும் அந்த இரண்டாவது படத்துக்கு முந்தைய மணி நேரம்.

ஊழல் இல்லையா? இருந்தது, இருக்கிறது. ஊரில் இல்லாதவர் பெயரில் வருகை, தூர்வாரிய குளத்தையே மறுவருடம் தூர்வாருவது, பயன் என்னவென்று யாருக்கும் தெரியாத வரத்துக்கால் வேலை. இவை எல்லாவற்றுக்கும் அந்தப் பெண்கள் பொறுப்பில்லை. எந்த வேலையை எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்வதில்லை.

மேட்டுக்காடு அவர்களின் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். சட்டப்படி மக்கள் கேட்கும்போது வேலை தர வேண்டும். நடைமுறையில் மேலிருந்து பணம் வரும்போது வேலை தருகிறார்கள். மாசி, பங்குனியில் கேட்டால் நிதி இல்லை என்பார்கள். புது நிதியாண்டுப் பணம் வந்து சேர்ந்து, வேலை சூடுபிடிக்கிற நேரம் உங்கள் களைப் பருவமாக இருக்கும். கேட்டபோது கொடுக்கிற திட்டமாக நடத்தியிருந்தால் உங்களுக்கும் அவர்களுக்கும் பாதி மோதல் இருந்திருக்காது. மனிதர்களின் சோம்பல் என்று இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதில் எங்கள் அலுவலகத்துக்குத்தான் வசதி.

வெண்ணாற்றங்கரை
15 ஜூலை 2025, மதியம் 2.10

ஓய்வூதியன் ஐயாவுக்கு நன்றி. ‘ஆள் கிடைக்கவில்லை’ என்ற சொற்றொடரைப் பற்றி மட்டும் ஒன்று. எந்தக் கூலிக்கு என்று யாரும் சேர்த்து எழுதுவதில்லை. மேட்டுக்காடு ஐயா, பெண்ணுக்கு எவ்வளவு தருகிறீர்கள்?

மேட்டுக்காடு
15 ஜூலை 2025, மாலை 6.40

நானூறு. ஒரு நேரம் டீ, பலகாரம். வண்டிச் செலவும் என்னுடையது.

அறுநூறு கொடுத்தால் ஆள் வரும், தெரியும். கொடுக்க முடியாது. 2010இல் ஈரோட்டுச் சந்தையில் குவிண்டால் மஞ்சள் பதினைந்தாயிரத்தைத் தாண்டியது. ஊரெல்லாம் மஞ்சள் போட்டோம். 2012இல் நாலாயிரத்தை ஒட்டி வந்து நின்றது. அதன் பிறகு பல வருடம் எழவே இல்லை. அந்தக் கடனைச் சமீபத்தில்தான் முடித்தேன். நல்ல விலை எப்போது வரும், எவ்வளவு நாள் நிற்கும் என்று என் கையில் இல்லை. உரம், கிழங்கு, வேகவைக்கும் செலவு எதுவும் குறையவில்லை. நான் குறைக்க முடிவது கூலி ஒன்றைத்தான்.

வெண்ணாற்றங்கரை
15 ஜூலை 2025, இரவு 8.00

நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் சந்தேகிக்கவில்லை. மஞ்சள் விலை விழுந்ததற்கு உங்கள் ஒழுக்கக்கேடு காரணம் என்று யாராவது சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எல்லோரும் போடுகிறார்கள் என்று நீங்களும் போட்டது உங்கள் பேராசை, விசாரித்துப் போட்டிருக்க வேண்டும் என்று சொல்ல ஆள் கிடைக்கும். விலையைச் சந்தை முடிவு செய்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள், சரியாகத்தான் சொல்வீர்கள். களை எடுக்கிற பெண்ணுக்கும் அவர் உழைப்புக்கு விலை சந்தையில்தான் வருகிறது. உங்களால் நாலாயிரத்துக்கு விற்காமல் மஞ்சளை இருப்பு வைக்க முடிந்தது. அவருக்கு இன்றைய உழைப்பை நாளைக்கு இருப்பு வைக்க முடியாது. இருபது கிலோ அரிசியும் ஐம்பது நாள் வேலையும் வந்த பிறகுதான், நானூறுக்கு முடியாது என்று சொல்லும் தெம்பு முதல் முறையாக வந்திருக்கிறது. அதைத்தான் சோம்பல் என்கிறீர்கள் என்பது என் எண்ணம்.

தாத்தா காலம் என்றீர்கள். எங்கள் பக்கத்துத் தாத்தா காலத்தில் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். நிலக்காரர்கள் சங்கம் வைத்து, வெளியூரிலிருந்து ஆட்களை இறக்கி அறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். உங்களை அந்த நிலக்காரர்களோடு ஒப்பிடவில்லை, நீங்கள் மூன்று ஏக்கர்க்காரர். ஆனால் உள்ளூர் ஆள் கூலி கேட்டால் வெளியூர் ஆளைக் காட்டுவது ஒடிசாப் பையன்களோடு தொடங்கிய பழக்கம் இல்லை.

அந்தப் பையன்கள் உழைப்பாளிகள், ஐயமில்லை. இருபது வயது, குடும்பம் ஊரில், பண்ணையிலேயே தங்கல். எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயது, பேரப்பிள்ளை இடுப்பில், முட்டிவலி. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். அந்தப் பையனின் ஊரில் அவனை வேலைக்குத் தேடி அலைகிற நிலக்காரர் இந்த நேரத்தில் அவனைப் பற்றி என்ன எழுதிக்கொண்டிருக்கிறாரோ!

மேட்டுக்காடு
15 ஜூலை 2025, இரவு 9.15

உங்களுக்குப் பேச வரும், எனக்கு அவ்வளவு வராது. ஒன்று கேட்கிறேன். என் காட்டில் களை எடுப்பதையே நூறு நாள் வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பாதிக் கூலி அரசு, பாதி நான் என்று ஏன் செய்யக்கூடாது? விவசாயச் சங்கங்கள் எத்தனை வருடமாகக் கேட்கின்றன.

ஓய்வூதியன்
15 ஜூலை 2025, இரவு 9.50

சிறு, குறு விவசாயி நிலத்தில் பண்ணைக்குட்டை, வரப்பு, மரக்கன்று போன்றவற்றைச் செய்ய இப்போதே இடமுண்டு. விண்ணப்பித்துப் பாருங்கள். களை, அறுப்பு போன்ற அன்றாட வேளாண் வேலை கிடையாது. அதைச் சேர்த்தால் அரசு கொடுக்கும் பாதியை நிலக்காரர் மிச்சம் பிடிப்பார், கூலி அங்கேயே நின்றுவிடும் என்பது என் பயம். மூன்று ஏக்கருக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும், கூலியைக் குறைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு செய்து பார்க்கலாம் என்று நான் பணியில் இருந்தபோதே குறிப்பு எழுதினேன். கோப்பு எங்கேயோ இருக்கும்.

தாமரைக்குளம்
15 ஜூலை 2025, இரவு 10.20

அப்படிச் செய்தாலும் கூலி வங்கிக்கே போகட்டும். வரப்பில் கொடுக்காதீர்கள்.

கீழத்தெரு வாசகி
16 ஜூலை 2025, காலை 5.55

வணக்கம். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது முதல் முறை. என் அத்தைக்கு வேலை அட்டை இருக்கிறது. ஊராட்சியில் கேட்டால் ‘இப்போது வேலை இல்லை, சொல்லி அனுப்புகிறோம்’ என்கிறார்கள். சித்திரையிலிருந்து இதே பதில். வெளியில் களை வேலைக்கும் வயதானவர் என்று கூப்பிடுவதில்லை. ஓய்வூதியன் ஐயா, என்ன செய்யலாம்?

ஓய்வூதியன்
16 ஜூலை 2025, காலை 7.10

அம்மா, வாயால் கேட்பதை நிறுத்துங்கள். ஒரு வெள்ளைத்தாளில் அட்டை எண், பெயர், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் வேலை வேண்டும் என்று எழுதுங்கள். குறைந்தது பதினான்கு நாள் தொடர்ச்சியாகக் கேளுங்கள். ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் சண்டை போட வேண்டாம். அதே தாளின் நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் ரசீது போதும்.

அந்தத் தேதியிலிருந்து பதினைந்து நாளுக்குள் வேலை தர வேண்டும். தராவிட்டால் முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால்பங்குக்குக் குறையாமல், அதாவது நாளுக்கு 84 ரூபாய், அதற்குப் பிறகு பாதி, வேலையில்லாக்காலப் படியாகத் தர வேண்டும். அதை மாநில அரசு தன் பணத்திலிருந்து தர வேண்டும் என்பதால் எந்த அலுவலகமும் சீட்டுக் கொடுக்கத் தயங்கும். சீட்டு இருந்தால் பெரும்பாலும் படி கொடுக்க மாட்டார்கள், அவசரமாக வேலையைக் கொடுத்துவிடுவார்கள். அத்தைக்கு வேண்டியதும் அதுதானே.

வேலை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் கொடுத்தால் கூலியோடு பத்து சதவீதம் கூடுதல் உண்டு. வயதானவருக்கு மண் வெட்டுகிற வேலைதான் கொடுக்க வேண்டும் என்றில்லை. தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்றவை இருக்கின்றன, அதையும் தாளிலேயே எழுதிக் கேளுங்கள். எழுதியதும் ஒரு நகலை வீட்டில் வையுங்கள்.